கிழக்குக் கரையில் ஒரு மரச்செதுக்குப் பட்டறை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நாங்கள் குடும்பத்துடன் மலேசியா சென்று திரும்பியதை அறிந்த செயலாளர் அவர்கள், அப்பயணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று பணித்தார்கள். பத்துமலை முருகனையும் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தையும் பற்றிப் பேசுவோம் என்று பலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். அவற்றை நாங்களும் கண்டோம், முருகனை வணங்கினோம், கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். ஆயினும் அவற்றின் படங்கள் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆகவே, எந்தச் சுற்றுலாத் துண்டறிக்கையிலும் இடம் பெறாத ஒரு கீற்றுக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல விழைகிறோம். திரங்கானு மாநிலத்தின் பெசுட் வட்டத்தில் உள்ள ஒரு மலாய் மரச்செதுக்குப் பட்டறை அது.

அங்கே போக வேண்டும் என்று பிடிவாதம் செய்தவர் எங்கள் மாமனார். முப்பத்தெட்டு ஆண்டுகள் நம் பணிமனையின் பெட்டிப் பகுதியில் தச்சராக உழைத்து ஓய்வு பெற்றவர். அவரை இக்காலனியில் அறியாதார் இலர். நம் சங்கத்தின் மேடைப் பலகையை அடித்துக் கொடுத்தவரும் அவரே. பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை 1955ஆம் ஆண்டு எஃகுப் பெட்டிகளைக் கட்டத் தொடங்கிய பிறகும் உட்புற இருக்கை, படுக்கைப் பலகை, சன்னல் அடைப்பு, தடுப்பு ஆகியவற்றில் மரவேலை நெடுங்காலம் இருந்து வந்தது. அதுவும் படிப்படியாகக் குறைந்ததைக் கண்ணாரக் கண்டவர் அவர். மலாய் நாட்டில் இன்னும் உளி பிடிக்கிறார்கள் என்று அங்குள்ள உறவினர் எழுதியதைப் படித்த நாள்முதல் அவருக்கு வேறு நினைவில்லை.

கோலாலம்பூரிலிருந்து கெமாசு வந்து, அங்கே கிழக்குக் கரைப் பாதையின் வண்டியில் ஏறினோம். இரயில்வே மக்கள் நிறைந்த இவ்வவையில் அப்பாதையைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் நகர்வது பாவம். கெமாசு முதல் தும்பாட் வரை 526 கிலோமீட்டர், மீட்டர்கேஜ், ஒற்றைப் பாதை, பெரும்பகுதி அடர்ந்த காடு. முழுப் பாதையும் திறக்கப்பட்டது 1931ஆம் ஆண்டில். இரண்டாம் உலகப் போரின்போது சப்பானியர் இப்பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு போயினர். அந்தச் சயாம் பாதையில் மாண்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர். போருக்குப் பின் இங்கே மீண்டும் தண்டவாளம் இடப்பட்டது. வண்டி காட்டுக்குள் புகுந்ததும் எங்கள் மாமனார் வெளியே பாராமல் பெட்டியின் உள்தடுப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். “எல்லாம் பிளாஸ்டிக்” என்ற ஒரே தீர்ப்புடன் கண்ணயர்ந்தார்.

வாக்காப் பாரு நிலையத்தில் எங்கள் துணைவியாரின் சின்னம்மா மகன் காத்திருந்தார். அவர் கோத்தா பாரு நகரில் பள்ளியாசிரியர். மலாய்மொழியைத் தாய்மொழி போலப் பேசுபவர். அவருடைய காரில் தெற்கு நோக்கி ஒன்றரை மணி நேரம் சென்று, தென்னையும் கமுகும் சூழ்ந்த அச்சிற்றூரை அடைந்தோம்.

பட்டறை என்றதும் இயந்திர ஓசையை எதிர்பார்த்தோம். அங்கே கேட்டதோ கொட்டாப்புளி உளியின் தலையில் படும் மெல்லிய ‘டொக், டொக்’ ஒலி மட்டுமே. நான்கு பக்கமும் திறந்த கொட்டகை. ஒரு புறம் பழைய வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த தூண்களும் பலகைகளும் அடுக்கியிருந்தன. மண்தரையில் சுருள் சுருளாகச் செதுக்குத் தூள். தலையில் வெள்ளைக் குல்லாயும் இடையில் கைலியும் அணிந்த, எழுபதை நெருங்கும் ஒருவர் தாழ்ந்த மணையில் அமர்ந்து பலகையொன்றைப் பாதத்தால் அழுத்திப் பிடித்தவாறு செதுக்கிக் கொண்டிருந்தார். தம் பெயரை எங்கும் எழுத வேண்டா என்று அவர் கேட்டுக்கொண்டமையால் ஆசான் என்றே குறிப்போம். எங்கள் மைத்துனர் அவரைப் ‘பாச்சிக்’ என்று அழைத்தார். வயதில் மூத்த ஆடவரை மலாய்க்காரர் மரியாதையாக அழைக்கும் முறை அது. எங்களை உட்கார்த்தி, கெட்டிப்பால் கலந்த தேநீரும் பொரித்த வாழைப்பழமும் கொடுத்த பிறகே அவர் பேசத் தொடங்கினார்.

முதலில் மரம். அவர்கள் பெரிதும் போற்றும் மரத்திற்குச் செங்கால் என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது சிவந்த கால் என்று கேட்கிறது. ஆனால் அதற்கும் நம் செங்காலுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. அறுபது மீட்டர் உயரம் வரை வளரக் கூடியது. மெல்ல மெல்ல வளர்வது. காய்ந்த மரம் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்குமேல் கனக்கும். கரையான் தீண்டாது. அறுத்த புதிதில் பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, காற்றும் ஒளியும் பட்டு நாளடைவில் கருஞ்சிவப்பாக மாறும். நம் தண்டவாளத்தின் அடியில் ஒரு தலைமுறைக்காலம் கிடந்த சால் மரக் கட்டையும் இச்செங்காலும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதனைச் சொன்னதும் எங்கள் மாமனார் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார், நகத்தால் கீறினார், கையில் எடை பார்த்தார். “சாலைவிடக் கட்டி, உளி நிற்காது” என்றார். மைத்துனர் அதனை மொழிபெயர்த்தவுடன் ஆசான் வாய்விட்டுச் சிரித்து, தம் பக்கத்தில் கிடந்த சாணைக் கல்லைக் காட்டினார். அரை மணிக்கு ஒரு முறை தீட்டாவிட்டால் வேலை நடவாதாம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் மொழிபெயர்ப்பு அதிகம் தேவைப்படவில்லை.

குத்துவாளின் கைப்பிடிக்குக் கெமுனிங் என்ற மரத்தைக் கையாள்கிறார்கள். நம் கறிவேப்பிலைக்கு உறவான அது மஞ்சள் நிறத்தில் இழையோடி மின்னுகிறது. பட்டாணி, கிளந்தான் பகுதிகளில் மீன்கொத்திப் பறவையின் பெயரால் வழங்கும் கைப்பிடி ஒன்று உண்டு. நீண்ட அலகு போன்ற மூக்கும், உடல் முழுவதும் கொடிப்பின்னலுமாக, உள்ளங்கை அளவில் ஓர் உலகம் அது. பலாமரத்தையும் விட்டுவைப்பதில்லை.

உளிகளுக்கு வருவோம். மலாயில் உளிக்குப் பாஹாட் என்று பெயர். சுமார் நாற்பது உளிகள் ஒரு துணிச்சுருளில் வரிசையாகச் செருகியிருந்தன. அவற்றில் முதன்மையானது ‘பாஹாட் கூக்கு’. நக உளி என்பது பொருள். அதன் வாய் கைவிரல் நகம் போலவே வளைந்திருக்கும். எங்கள் மாமனார் அப்போதுதான் தம் பையைத் திறந்தார். விமானத்தில் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த ஓர் உளியை வெளியே எடுத்தார். எங்களுக்கே அது தெரியாது! கழித்துப் போட்ட வில்லெஃகில் நம் பணிமனைக் கொல்லர் ஒருவர் அடித்துக் கொடுத்தது. நாற்பது ஆண்டு தீட்டித் தீட்டி நான்கு விரற்கடை நீளமே எஞ்சியது. ஆசான் அதை வாங்கிக் கட்டைவிரலில் கூர் பார்த்தார். பிறகு தம் உளி ஒன்றை நீட்டினார். அது பழைய அரத்தை அடித்துச் செய்தது. இருவரும் அடுத்தவருடைய உளியால் ஒரு கழிவுப் பலகையில் ஆளுக்கொரு கோடு இழுத்தனர். ஏறத்தாழக் கால் மணி நேரம் ஒருவரும் பேசவில்லை.

இனி, செதுக்கும் முறை. முதலில் தாளில் கொடியை வரைந்து பலகையில் ஒட்டுகிறார்கள். நீக்க வேண்டிய இடங்களில் துளையிட்டு, நூல் போன்ற மெல்லிய வாளை அத்துளை வழியே நுழைத்து அறுத்தெடுக்கிறார்கள். இப்பொழுது பலகை சல்லடை போல் நிற்கும். இவ்வாறு ஊடு துளைத்த வேலைக்குக் ‘கெராவாங்’ என்று பெயர். அதன் பின்னரே உளி வேலை. ஒவ்வோர் இலையின் முகமும் சற்றே சரிந்து, விளிம்பு சுருண்டு, அடுத்த இலையின் கீழே புகுந்து மறைய வேண்டும். கடைசியாக மெருகு. இப்போது உப்புத்தாள் வந்துவிட்டது. முற்காலத்தில் ‘மெம்பெலாஸ்’ என்னும் காட்டுக்கொடியின் சொரசொரப்பான இலையால் தேய்த்தார்கள். ஆசான் இன்றும் நுண்ணிய வேலைக்கு அந்த இலையையே நாடுகிறார். எங்கள் துணைவியார் ஓர் இலையைத் தம் வளையலில் தேய்த்துப் பார்த்து, பாத்திரம் துலக்க நன்றாக இருக்கும் என்று கருத்துரைத்தார்.

இந்தத் துளைப் பலகை அழகுக்கு மட்டும் ஏற்பட்டதன்று. வாயிலின் மேலும் சன்னலின் மேலும் கூரையின் முகப்பிலும் இதைப் பொருத்துவர். வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்நாட்டில் வீட்டுக்குள் ஏறும் சூடான காற்று இதன் வழியே வெளியேறுகிறது. வெயில் உடைந்து சிறுசிறு பூவாய்த் தரையில் விழுகிறது. மின்விசிறி வருவதற்கு முன் இதுவே விசிறி. நம் காலனியில் ஆங்கிலேயர் காலத்துக் குடியிருப்புகளின் உயரச் சன்னல்களை அட்டை வைத்து அடைத்துவிட்டு மே மாதத்தில் வேர்க்கிறோமே, அதுதான் நினைவுக்கு வந்தது.

கொடியின் ஒழுக்கம் பற்றி ஆசான் சொன்னது கேட்கத் தக்கது. செதுக்கில் உயிரினங்களின் முழு உருவத்தை அவர்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. 1303ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் திரங்கானுக் கல்வெட்டே அங்கே இசுலாம் வேரூன்றிய பழமைக்குச் சான்று. ஆகவே கலை முழுவதும் இலை, பூ, கொடியாக மாறிற்று. கொடிக்கு ஒரு பிறப்பிடம் இருக்க வேண்டும். ஆனால் அது பளிச்சென்று கண்ணில் படலாகாது. வளரும் நுனி அண்டைக் கொடியைக் குத்தலாகாது. ஏறும் கொடி தான் பற்றிய கொம்பை நெரிக்கலாகாது. இவை மனிதர்க்குச் சொன்னவை அல்லவா என்று எங்கள் மைத்துனர் கேட்டார். பலகைக்குச் சொன்னவை என்று ஆசான் பதிலுரைத்தார். நுனி குத்தினால் அந்த இடத்தில் மரம் சீக்கிரம் உடையுமாம்!

அவர் காட்டிய பூக்களில் ஒன்று ‘கெத்தும்பிட்’. மைத்துனர் கைப்பேசியில் அச்செடியின் படத்தைத் தேடிக் காட்டியதும் நாங்கள் வியந்து போனோம். நம் தும்பையின் இனத்துச் செடி அது! தும்பைப் பூ மாலை போர்க்களத்தில் சூடுவதற்கென்று நம் இலக்கண நூலார் ஒரு திணையே வகுத்தனர். அங்கே அதன் இனம் வீட்டு வாயிற்படியின் மேல் அமைதியாக மலர்ந்திருக்கிறது.

இவ்விடத்தில் சரித்திரத்தையும் சற்றுத் தொடுவோம். இக்கலையின் பழைய பாணியை இலங்காசுகப் பாணி என்று வழங்குகிறார்கள். இலங்காசுகம் என்பது இன்றைய தென் தாய்லாந்தின் பட்டாணிப் பக்கத்தே இருந்த தொன்மையான அரசு, கி.பி. 515இல் சீனத்துக்குத் தூது அனுப்பியதாகச் சீன நூல்கள் குறிக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசேந்திர சோழனின் கல்வெட்டு, 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் வென்ற ஊர்களாகக் கடாரத்தோடு இலங்காசோகத்தையும் சேர்த்தே கூறுகிறது. ஆசானுக்கு இச்செய்தி முன்பே தெரிந்திருந்தது. “உங்கள் அரசர் வந்தபோது எங்கள் கதவுகளை உடைத்திருப்பார்” என்றார். நாங்கள் தலை குனிந்து தேநீர் அருந்தினோம். நம் மேடைகளில் கடாரங் கொண்டதைப் பெருமிதத்துடன் முழங்குகிறோம். கதவுடைய வீட்டுக்காரர் எதிரே அமர்ந்து கேட்டால் அது எவ்வாறு ஒலிக்கும் என்று அன்றுதான் அறிந்தோம். போரைக் காட்டிலும் வாணிகம் நல்ல உறவை விட்டுச் சென்றிருக்கிறது. மலாய்க்காரர் கப்பலைக் ‘காப்பால்’ என்றும், கடையைக் ‘கெடாய்’ என்றும், பெட்டியைப் ‘பெத்தி’ என்றும், கட்டிலைக் ‘காத்தில்’ என்றும் இன்றும் சொல்கிறார்கள்.

ஆணியின்றிக் கட்டும் வித்தையையும் சொல்ல வேண்டும். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிறீ மெனாந்தியில் 1902இல் தொடங்கி 1908இல் முடித்த மரமாளிகை ஒன்று உண்டு. தொண்ணூற்றொன்பது தூண்கள்; ஓர் இரும்பாணி கிடையாது; யாவும் மர முளைகள். கிளந்தானில் கம்போங் லாவுட் பள்ளிவாசல் மிகப் பழமையானது. ஆற்று வெள்ளத்தால் பழுதுற்றதும், அதைத் துண்டு துண்டாகப் பிரித்து 1968இல் நீலாம் பூரி என்னும் வேறிடத்தில் மீண்டும் நிறுத்தினர். அண்மையில் பழைய ஊருக்கே திரும்பக் கொண்டுவந்துள்ளனர். ஆணி அடித்திருந்தால் இது கூடுமோ? எங்கள் மாமனார் இதைக் கேட்டு, ‘பொருத்து’ என்ற ஒரே தமிழ்ச் சொல்லைச் சொல்லி, இரு கைவிரல்களையும் கோத்துக் காட்டினார். ஆசானும் தம் விரல்களைக் கோத்துக் காட்டினார்.

இனிச் சற்றுக் கவலை தரும் செய்தி. நல்ல செங்கால் கிடைப்பது அரிதாகிவிட்டது. உருட்டு மரமாக வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தீபகற்ப மலேசியா 1985இல் தடுத்துவிட்ட போதிலும், காடு பழைய காடாக இல்லை. ஆகவே பழைய வீடு இடிக்கப்படுகிறதென்று கேள்விப்பட்டால் ஆசான் விரைந்து சென்று தூண்களை விலை பேசுகிறார். வாங்குவோர் குறைவு. ஒரு கதவுத் தலைப்பலகைக்கு அவர் ஆறு வாரம் எடுத்துக்கொள்கிறார்; கணிப்பொறியால் இயங்கும் செதுக்கு இயந்திரமோ அதைப் போன்றதை ஒரே நாளில் குடைந்து தள்ளிவிடுகிறது. இயந்திரத்தை அவர் பழிக்கவில்லை. ஒரே ஒரு குறைதான் சொன்னார்: இயந்திரம் மரத்தின் இழை எப்பக்கம் ஓடுகிறதென்று பார்ப்பதில்லை, ஆகவே இலையின் நுனி இழைக்குக் குறுக்கே விழுந்து சில ஆண்டுகளில் உதிர்கிறது.

இக்கலை அடியோடு மறையாமல் காத்தவர்களுள் கிளந்தானின் நிக் ரசிடின் நிக் உசேன் என்பவர் தலையாயவர். பட்டாணி முதல் திரங்கானு வரை அலைந்து பழைய செதுக்குகளைத் திரட்டினார், இளைஞர்க்குக் கற்பித்தார், 2002இல் மறைந்தார். அவரை நினைக்கும்போது ஆசானின் குரல் தாழ்ந்தது.

ஆசானிடம் இப்போது பயில்வோர் இருவர். ஒருவர் தங்கை மகன். மற்றவர் தொலைவிலிருந்து வந்து தங்கியிருக்கும் இளைஞர். முதல் ஆறு மாதமும் உளி தீட்டுவது மட்டுமே பாடம். அதற்குள் பலர் போய்விடுகிறார்களாம். ஆசானின் சொந்த மகன் கெர்த்தேயில் எண்ணெய்த் தொழிலில் இருக்கிறார், நல்ல சம்பளம், மாதந்தோறும் பணம் அனுப்புகிறார், அவர்மேல் தந்தைக்கு வருத்தமில்லை. இதைச் சொல்லிவிட்டு, எங்கள் மாமனாரை நோக்கி, “உங்கள் உளிகள் யாரிடம்?” என்று கேட்டார். மைத்துனர் அதைத் தமிழில் சொல்லச் சற்றுத் தயங்கினார். எங்கள் மாமனார் மறுமொழி சொல்லவில்லை. “பெரியப்பா, நேரமாகிறது” என்று மைத்துனரே பேச்சை மாற்றினார்.

நாங்கள் அந்தத் தயக்கத்தின் காரணத்தை அறிவோம். கருவிகள் நிறைந்த அவருடைய தேக்குப் பெட்டி எங்கள் குடியிருப்பின் தாழ்வாரத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. பயணத்துக்கு முந்திய மாதந்தான் அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்தது. அவரும் “உங்கள் விருப்பம்” என்று கூறியிருந்தார். திரும்பும் வழியில், கெமாசை நெருங்கும்போது, “பெட்டி இருக்கட்டும்” என்றார். நாங்கள் சரி என்றோம். பெட்டி இருக்கிறது. எங்கள் மகனுக்கு வயது பதின்மூன்று. இதுவரை இருமுறை அதைத் திறந்து பார்த்திருக்கிறான். ஒருமுறை விரலை வெட்டிக்கொண்டான். காலனியில் வேறு எந்தப் பிள்ளையேனும் சனிக்கிழமை மாலையில் வந்து கற்க விரும்பினால், தாத்தா தாழ்வாரத்தில்தான் இருப்பார். உளி தீட்டுவதிலிருந்து தொடங்குவார் என்பதை மட்டும் முன்னதாகவே தெரிவித்துவிடுகிறோம்.

பிள்ளைகளுக்காக இன்னொரு செய்தி. பட்டறையில் படகு வடிவில் செதுக்கிய பலகை ஒன்றைக் கண்டோம். நம் பல்லாங்குழியே அது! அவர்கள் ‘சொங்காக்’ என்கிறார்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் நம்மைப் போலவே உண்டு. அவற்றோடு இரு முனையிலும் காய் சேர்க்கும் பெருங்குழிகள் இரண்டு. குழிக்கு ஏழாகத் தொண்ணூற்றெட்டுச் சோழிகளை இட்டு ஆடத் தொடங்குகிறார்கள். எங்கள் துணைவியாரும் ஆசானின் மனைவியாரும் ஆட உட்கார்ந்தனர். அம்மையார் ஒவ்வொரு சுற்றிலும் தம் பெருங்குழியில் ஒரு காய் போட்டார். எங்களவர் அதைக் கணக்கில் கொள்ளாமல் ஆடி இரண்டு ஆட்டமும் தோற்றார்.

விடைபெறும்போது ஆசான், ஒரு முழ நீளமுள்ள பலகையைச் செய்தித்தாளில் சுற்றி எங்கள் மாமனாரிடம் கொடுத்தார். செதுக்கு முடியாத பலகை. பாதிக் கொடி மெருகேறி நிற்கிறது. மறுபாதியில் ஒட்டிய தாளும் பென்சில் கோடும் அப்படியே இருக்கின்றன. விலை கேட்டோம், கையசைத்துவிட்டார். எங்கள் மாமனார் தம் குட்டை உளியைக் கொடுக்கப் போகிறார் என்று எண்ணினோம். அவரோ அதைத் துடைத்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, மேல்துண்டை எடுத்து ஆசானுக்குப் போர்த்தினார்.

அப்பலகையைச் சங்க நூலகத்தில், நாளிதழ் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறோம். எல்லோரும் தொட்டுப் பார்க்கலாம். ஒட்டிய தாளைப் பிய்க்க வேண்டா என்றும், ஈரத்துணியால் துடைக்க வேண்டா என்றும் எங்கள் மாமனார் உங்களிடம் சொல்லச் சொன்னார்.